இங்கிலீஷில் வராத ஜெபம்

இபாதான்,
செவ்வாய்க்கிழமை

மதிப்புக்குரிய மோரனிகே அக்காவுக்கு,

உங்கள் தம்பி அகான்பி தரையில் விழுந்து வணங்கி எழுதுவது. நீங்களும் அத்தானும் பிள்ளைகளும் சுகம்தானே? தறி வேலை நடக்கிறதா? அப்பாவுக்கு மூச்சிரைப்பு கூடிவிட்டது என்று இரண்டு கடிதம் போட்டீர்கள். இரண்டுக்கும் நான் வேத வசனம் எழுதி அனுப்பினேன். வருகிறேன் என்று எழுதவில்லை. அப்பா குறி சொல்கிற நம் வீட்டு வாசலை இனி மிதிக்கமாட்டேன் என்று சபை நடுவில் எழுந்து சொன்னவன் நான். ஒன்பது வருடமாகிறது.

இப்போது, நான் பிரசங்கம் செய்யும் எங்கள் சபை எடுக்கும் படத்தில் போதகர் வேஷம் எனக்குத்தான். கொடுத்திருக்கும் கோட்டுக்குள் இன்னொரு ஆளும் நுழையலாம். அந்தப் போதகர் மனைவியிடம் சாப்பாடு கேட்பதுகூட இங்கிலீஷில்தான். மகன் காய்ச்சலில் கிடக்கும்போதும் அவர் இங்கிலீஷிலேயே ஜெபிக்க வேண்டும். மூன்று முறை எடுத்தார்கள். “நல்லாத்தான் ஜெபிக்கிறீங்க, ஆனா நோட்டீஸ் வாசிக்கிற மாதிரி இருக்கு” என்றாள், படத்தை இயக்கும் ரோன்கே. நான்காம் முறை பிள்ளையின் காலைப் பிடித்தேன். இங்கிலீஷ் வரவில்லை. காலையில் நம்மை எழுப்ப அப்பா நம் குலத்தின் புகழைச் சொல்வாரே, “யானைக்கு வழிவிடாதவன் வீட்டுப் பிள்ளையே, எழுந்திரு” என்று நம் பாஷையில், அதுதான் வந்தது. அழுதுவிட்டேன் அக்கா.

மூத்த போதகர் அதைப் போட்டுப் பார்த்தார். “போதகன் வாயில குறிகாரன் வீட்டுப் பேச்சா? சனிக்கிழமை இங்கிலீஷ்ல திரும்ப எடுங்க. இவன் மாட்டேன்னா பிரசங்க மேடையும் இவனுக்கு இல்ல” என்றார். ரோன்கே விடவில்லை. “அந்த ஆளு படம் முழுக்க ஒளிச்சு வச்சது அங்கதானே ஐயா வெளிய வருது? அத வெட்டிட்டா அவன் யாருன்னே தெரியாதே” என்றாள். அவள் சொன்னது கதையில் வரும் போதகரை. எனக்குத்தான் சுருக்கென்றது.

இயேசுவை நான் விடமாட்டேன். அதையும் அப்பாவிடம் சொல்லிவிடுங்கள், திட்டினால் திட்டட்டும். ஆனால் சனிக்கிழமை படப்பிடிப்புக்குப் போகப்போவதில்லை. அன்று காலை முதல் வண்டியில் நம் ஊருக்கு, இசேயினுக்கு, ஏறுகிறேன். மேடை போனால் போகட்டும்.

அக்கா, அந்தப் புகழ்ச்சியில் இரண்டு வரிக்கு மேல் எனக்கு நினைவில்லை. கேமரா முன்னால் அந்த இரண்டையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தேன். மீதியை அப்பா வாயால் கேட்க வேண்டும். சனிக்கிழமை வரை அவருக்கு மூச்சைக் கொடு என்று நான் இங்கே கேட்டுக்கொண்டிருக்கிறேன். நீங்கள் யாரிடம் கேட்பீர்களோ, அவர்களிடம் நீங்களும் கேளுங்கள்.

உங்கள் தம்பி,
அகான்பி