அக்கா வாங்கும் அறுபதாயிரம்

ஜூலை 7, திங்கள்
கோவண்டி கோச்சிங் கிளாஸில் எட்டாம் வகுப்புக்குப் பின்னக் கணக்கு நடத்தினேன். நான் ஐரோலி கம்பெனிக்குப் போவதாக வீட்டில் நினைக்கிறார்கள். அந்த வேலை பிப்ரவரியிலேயே போய்விட்டது. வேறு கிடைத்ததும் சொல்லலாம் என்றிருந்தேன். ஐந்து மாதம்!

அப்பா என் சம்பளத்தில் ஒரு ரூபாய் கேட்டதில்லை. "பொட்டப்புள்ள காசுல நான் சோறு திங்க மாட்டேன். அவ கல்யாணத்துக்குப் பேங்க்ல கெடக்கட்டும்." கேட்டிருந்தால் முதல் மாதமே மாட்டியிருப்பேன்.

ஜூலை 9, புதன்
தம்பி ஸ்டெர்லின் இன்ஜினியரிங் சேர ஃபார்ம் நிரப்புகிறான். எந்தப் பிரிவு, எந்தக் கல்லூரி என்று வரிசை போட்டு ஞாயிற்றுக்கிழமைக்குள் லாக் செய்ய வேண்டும். சிவில், சிவில் என்று ஒரு வருஷமாகச் சொன்னவன். செம்பூரில் மெட்ரோ தூண் எழும்புவதை நின்று பார்ப்பான்.

"சித்தாள் வேலைக்கால போவப்போற? அக்கா படிச்ச எலக்ட்ரானிக்ஸ எடு. அறுபதாயிரம் வாங்குதால்லா" என்றார் அப்பா. அவனும் தலையாட்டிவிட்டான்.

அறுபதாயிரமா? வேலை இருந்தபோதே நாற்பத்திரண்டுதான். கூட்டிச் சொன்னதும் நான்தான்.

ஜூலை 10, வியாழன்
"ஒனக்குப் புடிச்சத எடுல. எலக்ட்ரானிக்ஸ்ல இப்ப வேலை கெடைக்கது கஷ்டம்" என்றேன்.

"நான் ஒனக்கு மேல வாங்கிருவேன்னு பயமாக்கா?"

சிரித்துக்கொண்டுதான் கேட்டான். நான் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டேன்.

ஜூலை 12, சனி
சிவிலில் மட்டும் கொட்டியா கொடுக்கிறார்கள்? தொடக்கத்தில் ரொம்பக் குறைவாம். எலக்ட்ரானிக்ஸில் நன்றாகச் சம்பாதிப்பவர்களும் இருக்கிறார்கள். எதில் பிழைப்பான் என்று எனக்கு எப்படித் தெரியும்? ஆனால் இல்லாத சம்பளத்தை நம்பி நாலு வருஷம் — ஐயோ, வாயத் தொறந்து சொல்லித் தொலையேம்ட்டி. நாளைக்குக் கடைசி நாள்.

ஜூலை 13, ஞாயிறு
பூசை முடிந்ததும் அவனைச் சயானில் ரயிலேற்றி, குர்லாவில் மாறி, கோவண்டிக்குக் கூட்டிப் போனேன். கிளாஸ் பூட்டியிருந்தது. கதவில் ஒட்டியிருந்த நோட்டீஸில் என் பேரைக் காட்டினேன். கணக்கு: ஷைனி மிஸ்.

படித்துவிட்டுச் சம்பளத்தைக் கேட்டான்.

"பகார் எவ்ளோ?"

"பதினாலாயிரம்."

திட்டுவான் என்று நினைத்தேன். போனை எடுத்து, அங்கேயே நின்று, சிவிலை மேலே ஏற்றி லாக் செய்தான்.

"அப்பாட்ட சொல்லாத. நான் பாத்துக்கிடுதேன்."

ஜூலை 24, வியாழன்
சிவில் கிடைத்துவிட்டது. அப்பா அவனைக் கன்னத்தில் அறைந்தார். "கூடப்பொறந்தவளப் பாத்தும் புத்தி வரலயால?"

"எனக்குப் புடிச்சிருக்குப்பா" என்றான். என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. நான் அடுப்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் அடி வாங்கினான், நான் பாத்திரம் கழுவினேன். சீ.

ஜூலை 27, ஞாயிறு
கோயில் வாசலில் சவரியம்மாள் சித்தி, தன் மகளை எதில் சேர்க்கலாம் என்று அப்பாவிடம் கேட்டார். அப்பா என்னை முன்னால் இழுத்தார்.

"இவட்ட கேளுங்க. அறுபதாயிரம் வாங்குதா."

"இல்ல சித்தி. அந்த வேலை பிப்ரவரியிலயே போயிட்டு. கோவண்டில பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் குடுக்கேன். பதினாலாயிரம். ஸ்டெர்லினுக்குத் தெரியும்."

அப்பா என்னைப் பார்க்கவில்லை. ஸ்டெர்லினின் கன்னத்தைப் பார்த்தார்.

ஜூலை 28, திங்கள்
கோவண்டிக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டே கிளம்பினேன். அப்பா தன் கடையைத் திறக்கப் போனார். மதியம் அம்மா போன் செய்தாள். கடையை அடைத்துவிட்டு, கல்லூரியில் பேர் பதிய ஸ்டெர்லினோடு அப்பாவும் போயிருக்கிறாராம்.