நீ விற்ற என் வியாழக்கிழமை

புவெனஸ் அயர்ஸ்,
மார்ச் 22

அன்பு மகள் நொயேலியாவுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் உன் தம்பி கஸ்தோனும் சுகம், கடையும் சுகம். ரோட்டர்டாம் குளிரில் நீ நன்றாக இருக்க வேண்டும் என்பதில் எனக்கு இன்றைக்கும் மாற்றமில்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பின்னால் வருவதைப் படித்தால் உனக்கு அதில் சந்தேகம் வரலாம். நாலு ஞாயிற்றுக்கிழமையாக நீ கூப்பிட்டபோதெல்லாம் அம்மா தூங்குகிறாள் என்று கஸ்தோன் சொன்னது பொய். நான் பக்கத்திலேயே பட்டாணி உரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். போனில் பேசினால் நீ அழுவாய், நீ அழுதால் நான் இறங்கிப் போய்விடுவேன், அதனால்தான் எழுதுகிறேன்.

இங்கே வெயில் இன்னும் தணியவில்லை. கஸ்தோன் கடையின் முன்பக்கக் கண்ணாடியை மாற்றியிருக்கிறான், இப்போது பஸ்ஸில் போகிறவர்களுக்கும் ஷூ தெரிகிறது, நல்ல யோசனை, அவனுக்கும் கொஞ்சம் மூளை வந்துவிட்டது. அவன் பெண்டாட்டிக்கு ஆறாம் மாதம், மருத்துவர் எல்லாம் சரி என்கிறார், உப்பைக் குறை என்றால்தான் கேட்கமாட்டேன் என்கிறாள். என் முழங்கால் பரவாயில்லை. ஏழு சென்டிமீட்டர் ஹீலில் இன்னும் ஒரு சுற்றின் நாலு பாட்டும் முழுக்க ஆடுகிறேன்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். ஜனவரிக் கடைசியில் உன் சிநேகிதி என்று ஃபெம்கெ வந்தாள். ஊர் பார்க்க வருகிறாள், உண்மையான டாங்கோ எப்படி இருக்கும் என்று அறிய ஆசைப்படுகிறாள், வியாழக்கிழமை உன்கூடக் கிளப்புக்குக் கூட்டிப்போ அம்மா என்று நீ எழுதியிருந்தாய். நல்ல பெண். ஏணி மாதிரி உயரம், முட்டிவரை கால்சட்டை, முதுகில் ஒரு மூட்டை. கடைக்குள் வந்ததுமே சிவப்பில் மினுமினுக்கும் ஜோடியைத் தூக்கினாள். அது மேடைக்காரர்களுக்கு, உனக்கு வேண்டாம் என்று பிடுங்கிவைத்துவிட்டு, மெல்லிய தோல் அடி போட்ட கறுப்பு ஜோடி ஒன்றை மாட்டி, கடைக்கு நடுவில் அரை மணி நடக்கவைத்தேன். நீ அனுப்பிய ஆள் என்பதற்காக அன்றைக்குக் கடையை மூன்று மணிக்கே சாத்தினேன். நான் எதற்காகவாவது கடையை முன்னதாகச் சாத்தி நீ பார்த்திருக்கிறாயா?

போகிற வழியில் எல்லாம் சொல்லிக்கொடுத்தேன். உட்காரும் இடத்தை எல்பாதான் காட்டுவாள், அது அவள் நடத்தும் கூடம், நீயாகப் போய் உட்காராதே. பெண்கள் ஒரு சுவரோரம், ஆண்கள் எதிர்ச் சுவரோரம். ஆட வா என்று யாரும் எழுந்து வந்து கேட்கமாட்டார்கள், பாட்டு தொடங்கியதும் தூரத்திலிருந்தே பார்ப்பார்கள். உனக்கும் விருப்பம் என்றால் திரும்பிப் பார், அவன் தலையசைப்பான், நீயும் அசை. விருப்பமில்லை என்றால் முகத்தைத் திருப்பிக்கொள். கேட்டதும் மறுத்ததும் யாருக்கும் தெரியாது, யாருக்கும் அவமானமில்லை. அவன் உன் முன்னால் வந்து நிற்கிறவரை எழுந்திருக்காதே, உனக்குப் பின்னால் இருப்பவளைக் கேட்டிருந்தால் நட்டநடுவில் நிற்பாய். இத்தனையும் சொன்னேன். அவள் போய் உட்கார்ந்ததும் பதற்றத்தில் எதிர்வரிசை முழுக்கப் பார்த்துச் சிரித்துவைத்தாள். மூன்று ஆண்கள் ஒரே சமயத்தில் எழுந்து அவளை நோக்கி வந்தார்கள். எங்கள் மேசையில் ஒருத்தி, "என்னடி சுலேமா, ஒங்கடையில தள்ளுபடி போட்டாக்கூட இவ்வளவு கூட்டம் வராதே" என்றாள். நானும் சிரித்தேன். ஃபெம்கெ காதுவரை சிவந்துபோனாள்.

இரண்டாவது வியாழன் அன்செல்மோ அவளைப் பார்த்துத் தலையசைத்தான். பத்தொன்பது வருஷமாக மூன்றாவது சுற்று வயலின் பாட்டுகளுக்கு என்னைத் தவிர யாரையும் அவன் பார்த்ததில்லை, உனக்கே தெரியும். அன்றைக்கு அவனிடம் நான்தான் சொல்லிவைத்தேன், பெண் தூரத்திலிருந்து வந்திருக்கிறாள், ஒருமுறை நல்ல கையில் ஆடட்டும் என்று. முதல் பாட்டில் கம்பை விழுங்கியவள் போல இருந்தாள். இரண்டாவதில் பந்தோனியோன் துருத்தி மூச்சை இழுத்து நிறுத்துகிற இடத்தில் அவன் நின்றான், அவளும் நின்றாள், சுற்றிலும் அத்தனை ஜோடியும் நின்றது. அவள் கண்ணை மூடியதை நான் உட்கார்ந்த இடத்திலிருந்தே பார்த்தேன். திரும்பி வந்தவள் கைக்குட்டை கேட்டாள். "காலு என்னோடது மாதிரியே இல்ல, சுலேமாம்மா. யாரோ கடன் குடுத்த மாதிரி இருந்துச்சு" என்றாள். என் மகள் அனுப்பியவளுக்கு ஒரு நல்லது கிடைத்தது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இரண்டு கிளாஸ் ஆப்பிள் சீட்ரா வாங்கிவரச் சொன்னேன்.

மூன்றாவது வியாழன் அவளுடைய கடைசி நாள். சுற்றுக்கு நடுவில் தளத்தைக் காலி செய்ய ஏதோ பாட்டுத் துண்டு போடுவார்களே, அந்த நேரத்தில் என் தோளைத் தொட்டு, "ஏப்ரல்ல பன்னெண்டு பேரோட வர்றேன். ஒங்களுக்குப் பக்கத்து மேசைதான் எங்களுக்கு, நொயேலியா ஏற்பாடு பண்ணிட்டா" என்றாள். எதற்குப் பன்னிரண்டு பேர் என்று கேட்டேன். அவள் முகம் மாறியது. "ஒங்களுக்குத் தெரியாதா? டூர் கம்பெனி எங்க ரெண்டு பேரோடதும்தானே" என்றாள். பையிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினாள். அதில் என் படம்.

எந்தப் படம் என்று உனக்குத் தெரியும். நவம்பரில் கேட்டாயே, அம்மா நீ ஆடுகிற மாதிரி ஒன்று அனுப்பு, சுவரில் மாட்டவேண்டும் என்று. அதற்காகத் தலைக்குச் சாயம் போட்டுக்கொண்டு போய் எடுத்த படம். கீழே அவர்கள் பாஷையில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டேன். அவளுக்கு வாசிக்க மனமில்லை. நான் வற்புறுத்தியதும் மெதுவாக வாசித்தாள். ஷூ விற்கும் சுலேமா, கைம்பெண், முப்பது ஆண்டாக இதே மேசை, கண்ணால் அழைக்கும் ரகசியத்தை உங்களுக்கு அவரே சொல்லித்தருவார். அந்தப் பெண்மேல் எனக்குக் கோபமில்லை, நொயேலியா. எனக்குத் தெரியும் என்றே நினைத்திருந்திருக்கிறாள். பொய் அவள் வாயிலிருந்து வரவில்லை.

நேரே எல்பாவிடம் போனேன். அவள் நாப்கின் மடித்துக்கொண்டே இருந்தாள், நிமிரவில்லை. நவம்பரிலேயே நீ பேசி முடித்துவிட்டாயாம். "அம்மாவுக்கு ஆச்சரியமா இருக்கட்டும், சொல்லாதீங்கன்னு ஒம்மகதான் சொன்னா. கூடத்துக்கு வாடகை ஏறிக்கிட்டே போகுதுடி, நான் என்ன பண்ண" என்றாள். அன்செல்மோவைக் கேட்டேன். வெளிநாட்டுக்காரப் பெண்களோடு ஒரு வியாழனுக்கு ஆறு சுற்று ஆட ஒத்துக்கொண்டிருக்கிறான். "அது வேலை, சுலேமா. ஒன்னோட ஆடறது ஒன்னோட ஆடறதுதான்" என்றான். எந்தச் சுற்று என்று கேட்டேன். ஷூவின் கயிற்றைக் குனிந்து கட்டினான். ஏற்கெனவே கட்டியிருந்த கயிறு அது.

அந்தக் கூடத்தில் ஒழுங்காக ஆடத் தெரிந்த ஆண்கள் ஏழு பேர். எங்கள் சுவரில் பெண்கள் பத்தொன்பது. அதோடு பன்னிரண்டு பேர் வந்தால் எங்களில் யார் உட்கார்ந்தபடியே சாயங்காலத்தைக் கழிப்போம் என்று உனக்குக் கணக்குப் போட வராதா? என் வயிற்றில் பிறந்தவளுக்கு வராமலிருக்காது. போட்டுப் பார்த்துத்தான் செய்திருக்கிறாய்.

நான் வியாபாரத்தைக் குறை சொல்கிற ஆளில்லை. லனூஸ் பட்டறையிலிருந்து ஷூவைச் சாக்கில் கட்டி ரயிலில் கொண்டுவந்து விற்றவள் நான், வங்கி கதவை மூடிய வருஷம் ஷூவைக் கொடுத்து மாவும் எண்ணெயும் வாங்கி உங்கள் இரண்டு பேரையும் வளர்த்தவள். ஆனால் ஒன்றைக் கவனித்திருக்கிறாயா? அந்தக் கூடத்துக்குள் நான் ஒரு ஜோடியும் விற்றதில்லை. ஹீல் கழன்று வந்து நின்றவளிடமும் நாளைக்குக் கடைக்கு வா என்றுதான் சொல்லியிருக்கிறேன். விலைகூடச் சொன்னதில்லை. வாரத்தில் அந்த ஐந்து மணி நேரம் மட்டும்தான் நான் யாருக்கும் எதையும் விற்காமல் இருந்தேன். அந்த இடத்தைப் பார்த்துத்தானா உனக்குக் கடை போடத் தோன்றியது?

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், இதுதான் அதிகமாக வலிக்கிறது. பதினோரு வருஷமாக நீ அங்கே இருக்கிறாய், என் வியாழக்கிழமையைப் பற்றி ஒருநாளும் கேட்டதில்லை. போன வருஷக் கடைசியிலிருந்துதான் ஞாயிறுதோறும் கேட்டாய். யார் எங்கே உட்காருவார்கள், புதிதாக வந்தவளுக்கு ஏன் பின்மேசை, ஒரே ஆணோடு மூன்று சுற்று ஆடினால் என்ன பேசுவார்கள் என்று. பெண்ணுக்கு ஊர் ஞாபகம் வந்துவிட்டது, அம்மாவோடு பேச விஷயம் கிடைத்துவிட்டது என்று நான் பூரித்துப்போனேன். சனிக்கிழமையே உட்கார்ந்து உனக்கு என்னென்ன சொல்லலாம் என்று யோசித்து வைத்துக்கொள்வேன். நீ அந்தப் பக்கம் எழுதிக்கொண்டிருந்திருக்கிறாய்.

நீ கேட்டிருக்கலாம். நான் சரி என்றும் சொல்லியிருப்பேன், சும்மா இல்லை, பேரம் பேசியிருப்பேன். பன்னிரண்டு வேண்டாம், நாலு பேர், மாதம் ஒருமுறை, ஆளுக்கொரு மேசையாகப் பிரித்து உட்காரவை, வருகிறவர்களில் பாதி ஆணாக இருக்கட்டும் என்றிருப்பேன். எல்பாவுக்கும் வாடகை வந்திருக்கும், எங்களுக்கும் ஆட ஆள் கிடைத்திருக்கும், உன் திட்டத்தைவிட அது நல்ல திட்டம். பிடிக்கவில்லை என்றால் முகத்தைத் திருப்பிக்கொண்டிருப்பேன், உனக்கும் எனக்கும் நடுவில் யாருக்கும் தெரிந்திருக்காது. மேசை முன்னால் வந்து நின்று எல்லார் எதிரிலும் கையை நீட்டுகிற முரடனைப் போல நீ செய்துவிட்டாய். எழுந்தாலும் அவமானம், உட்கார்ந்திருந்தாலும் அவமானம். அதுவும் பெற்ற மகள்.

என் படத்தையும் பெயரையும் அந்தத் தாளிலிருந்து ஏப்ரலுக்குள் எடுத்துவிடு. ஃபெம்கெவிடமும் சொல்லியிருக்கிறேன், அவள் எடுத்துவிடுவதாகக் கடிதம் போட்டிருக்கிறாள், நீதான் இன்னும் அதைப் பற்றி வாய் திறக்கவில்லை. பக்கத்து மேசை மட்டுமில்லை, என் மேசையையும் எல்பாவிடம் விட்டுவிட்டேன், உன் ஆட்களை அதிலும் உட்காரவைத்துக்கொள். அன்செல்மோ கடைக்கு வந்து அரை மணி நின்றான். ஒரு டப்பா ஷூ மெழுகு வாங்கிக்கொண்டு போனான்.

நான் ஆடுவதை விடவில்லை. வேறு ஒரு கிளப், வேறு ஒரு கிழமை. அங்கே என்னை யாருக்கும் தெரியாது. புதிதாக வந்தவள் என்று தூணுக்குப் பின்னால் ஒரு நாற்காலி கொடுத்தார்கள். முதல் வாரம் எட்டுச் சுற்று உட்கார்ந்தே இருந்தேன், ஒரு கண்ணும் என் பக்கம் வரவில்லை, பஸ்ஸில் திரும்பும்போது பல்லைக் கடித்துக்கொண்டு வந்தேன். போன வாரம் வெள்ளை மீசைக்காரர் ஒருவர் தூணுக்கு இந்தப் பக்கமாகத் தலையைச் சாய்த்துப் பார்த்தார். சுமாராகத்தான் ஆடுகிறார். நாலு பாட்டும் ஆடினேன். அது எந்தப் பேட்டை, எந்தக் கிழமை என்று உனக்கு எழுதப்போவதில்லை. கஸ்தோனுக்கும் தெரியாது, அவனைக் குடையாதே.

தைராய்டு மாத்திரையை வெறும் வயிற்றில் போடு, காப்பி குடித்த பிறகு போட்டு அலட்சியம் செய்யாதே, ஏப்ரலில் ரத்தப் பரிசோதனை இருக்கிறது. நீ நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும், எடுத்த தொழில் உனக்கு நன்றாக வரவேண்டும், அதில் என் ஆசி உனக்கு எப்போதும் உண்டு. ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டால் இனி எடுப்பேன். மாத்திரை போட்டாயா, சாப்பிட்டாயா என்று கேட்பேன். வேறு எதுவும் நீயும் கேட்காதே.

இப்படிக்கு,
உன் அம்மா
சுலேமா