பதினேழு வாக்குச்சீட்டுகள்

ஜனவரி 12, 1987

ஹோபர்ட்டுக்கு நாள் குறித்துவிட்டார்கள். தலைநகரப் பத்திரிகையில் இன்று வாக்குச்சீட்டு வந்திருக்கிறது: எந்தச் சித்திரத் தொடர் வேண்டும், எதை நிறுத்தலாம்? வெட்டி, நிரப்பி அனுப்ப வேண்டுமாம். முப்பத்தெட்டு வருஷமாகத் தபால் பையோடு நாய்க்குப் பயந்து ஓடுகிற ஹோபர்ட்டும் பட்டியலில் இருக்கிறான். அப்பா அவனை முதலில் வரைந்தது இந்தப் பத்திரிகைக்குத்தான். அவர் போன பிறகு, பதினொரு வருஷமாக நான் வரைகிறேன். மூலையில் இன்னும் 'எம்மெட் ஹேவர்காம்ப்' என்று அவர் பெயரைத்தான் போடுகிறேன்.

ஜனவரி 15

அதே பத்திரிகையில் பதினேழு பிரதி வாங்கினேன். கடைக்கார ஆர்லோ, "என்ன லோவெல், வீட்டுக்குப் பெயின்ட் அடிக்கப் போறியா?" என்றான். ஆமாம் என்றேன்.

பதினேழு பொய்ப் பெயர், மூன்று பேனா. 'ஹோபர்ட் இல்லாமல் எனக்குக் காபி இறங்காது.' ஐம்பத்திரண்டு வயதில் எனக்கு நானே ஓட்டுப் போட்டுக்கொள்கிறேன். மனைவி வெர்னாவிடம் சொல்லவில்லை.

ஜனவரி 16

தபாலில் சேர்த்தாயிற்று.

ஜனவரி 29

பத்திரிகை ஆசிரியர் லியோனா ஸ்ட்ரௌட் கூப்பிட்டனுப்பினாள். மேஜையில் பதினேழும் பரப்பியிருந்தன.

"லோவெல், வாசகர்கள் யாரும் ஸ்கேல் வெச்சுக் கோடு போட்டுக்கிட்டு எழுத மாட்டாங்க."

பார்த்தேன். ஐயோ. பேச்சுக் குமிழிக்குப் போடுவேனே, அதே பென்சில் கோடு. ஒவ்வொரு வரிக்கும் மேலே ஒன்று, கீழே ஒன்று. அழிக்கக்கூட இல்லை. போதாததற்கு 'காபி'யைத் தடித்த எழுத்தில் வேறு போட்டிருக்கிறேன். என்ன காரியம் பண்ணி வெச்சிருக்கேன்? கூனிக் குறுகிப்போனேன்.

அவள் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். "இதைக் கழிச்சாலும் நீங்க தப்பிச்சிட்டீங்க. நானூறு பேருக்கு மேல கேட்டிருக்காங்க. கொண்டுபோய்ப் படிங்க" என்று ஒரு பெட்டியைத் தள்ளினாள்.

ஜனவரி 30

படித்தேன்.

'இப்போது சிரிப்பு வருவதில்லை. ஆனாலும் எம்மெட்டுக்காக இருக்கட்டும்.'

'எம்மெட்டுக்குக் கை தளர்ந்துவிட்டது போல. பாவம், நிறுத்திவிடாதீர்கள்.'

அப்பா செத்ததே பாதிப் பேருக்குத் தெரியாது. எப்படித் தெரியும்? நான் சொன்னால்தானே. என் கையாலாகாத்தனத்துக்கெல்லாம் அவர் பெயர் கெட்டிருக்கிறது — வெட்கமாக இருக்கிறது.

வெர்னாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். சிரிப்பாள் என்று நினைத்தேன். "பதினோரு வருஷமா செத்த மனுஷனை வேலை வாங்கறே, லோவெல். விடு, அவர் தூங்கட்டும்."

பிப்ரவரி 2

ஆறு வாரம் முன்னதாகவே அனுப்ப வேண்டும். இன்று வரைந்தது மார்ச் 16-ல் வரும். அப்பாவின் பழைய படங்களைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளவில்லை. நாய் என் போக்கில் வந்தது.

மூலையில் என் பெயர். மூன்று முறை எழுதி அழித்தேன்.

மார்ச் 20

ஒரே ஒரு கடிதம்: 'நாயின் கால் கோணல். யார் இந்த லோவெல்?'

உடனே பதில் எழுதினேன். எம்மெட் 1976-ல் இறந்துவிட்டார், நான் அவர் மகன், அதற்குப் பிறகு வந்ததெல்லாம் நான் வரைந்தது, கால் கோணல்தான் என்று. கோடு போடாமல் எழுதினேன். வரிகள் மேலும் கீழுமாகப் போயின. அப்படியே ஒட்டி அனுப்பிவிட்டேன்.