கோழிக்கு இன்னிக்குக் காவல் நீங்க

என்னங்க,

எழுந்ததும் என்னைக் கூப்பிடாதீங்க, நான் வீட்ல இல்ல. அக்கா வீட்டுக்குப் போறேன், சாயங்காலம்தான் வருவேன். இன்னிக்கு உங்களுக்கு லீவுதானே.

உங்க கோழி குளியலறையில அட்டைப்பெட்டிக்குள்ள இருக்கு. சுடுதண்ணி பாட்டில் ஆறிப்போனா மாத்தி, துணியில சுத்தி அது பக்கத்துல வைங்க. தின்னது செரிக்காம கழுத்துக்குக் கீழ தீனிப்பை கல்லு மாதிரி இருக்கும், மெதுவா நீவி விடணும். மாவு பிசையற மாதிரி பிசைஞ்சுடாதீங்க. ஊறவெச்ச தீனி ரெண்டு ஸ்பூன் போதும்.

ஜன்னலைத் திறக்காதீங்க, பனிக்காத்து அதுக்கு ஆகாது. வீடு இப்படி மூடியே கிடக்கறது எனக்கு ஆகலைன்னு இந்த வாரம் முழுக்கச் சொன்னேன். உங்க காதுல விழல.

நேத்து பக்கத்து வீட்டுக்காரர் கோழியைப் பத்திக் கேட்டப்போ, "அதுக்கென்ன, இவ சும்மா வீட்லதானே இருக்கா, பாத்துப்பா"ன்னு சொன்னீங்க. அப்போ என் மடியில தைச்சுக் கொடுக்கவேண்டிய கோட்டு, அதுமேல உங்க கோழி.

சாப்பாடு அடுப்பு மேல இருக்கு, சூடு பண்ணிக்கோங்க.

பி.கு.: பேசிக்கிட்டே ஊட்டினாத்தான் அது தின்னும். நேத்து காலையில அதுகிட்ட "சரியாயிடும்டா கண்ணு"ன்னு சொன்னீங்களே, கதவுக்கு இந்தப் பக்கம் நின்னு கேட்டேன். உங்ககிட்ட அப்படி ஒரு குரல் இருந்ததே எனக்கு மறந்துபோச்சு.

இன்னொண்ணு. உங்க பூட்ஸைத் தேடாதீங்க. என்னோடது அடி பிளந்து எத்தனையோ நாளாச்சு, உங்களோடதை மாட்டிக்கிட்டுப் போறேன். உங்களுக்கு எதுக்கு அது, சும்மா வீட்லதானே இருக்கப்போறீங்க.