நீ விழாத வரப்பு

நைனா,

பின்கட்டு அறையில் கரையான் ஏறிவிட்டது. பெட்டிகளை ஒவ்வொன்றாக எடுத்து வெயிலில் வைத்துக்கொண்டிருந்தபோது உன் ஷூக்கள் அகப்பட்டன. இடது ஷூ நேற்றுக் கடையில் வாங்கியது போல இருக்கிறது. வலது ஷூவின் பின்பக்கம் உள்ளே மடிந்து செருப்பு மாதிரி ஆகிக் கிடக்கிறது. விரலால் நிமிர்த்தினேன். விட்டதும் மறுபடி மடிந்துகொண்டது.

மலாக்காவுக்குப் புறப்படும் முன் பொன்னேரிக் கடையில் நான்தான் வாங்கிக் கொடுத்தேன். எழுபத்திரண்டு வயது வரை செருப்புக்கு மேல் எதையும் நீ காலில் போட்டதில்லை. கடைக்காரர் முன்னாலேயே, "இன்னாடா சாரு, மாட்டுக்கு லாடம் அட்ச்சா மாரி கீது" என்றாய். ஊரெல்லாம் என்னை சார் என்று கூப்பிட ஆரம்பித்த பிறகு நீயும் கேலியாக அப்படியே கூப்பிடுவாய். செருப்போடு வந்தால் வெளிநாட்டில் மதிக்கமாட்டார்கள் என்று உனக்குப் பாடம் எடுத்தேன். நீ போட்டுக்கொண்டாய்.

மலாக்கா போகலாம் என்றது என் மகள் செல்விதான். பள்ளிக்கூடத்தில் நான் நடத்தியதை விட அதிகமாக அவளுக்கு நீ பாடம் நடத்தியிருந்தாய். காட்டூரிலிருந்து சைக்கிளில் அரிசி மூட்டையோடு அவளையும் ஏற்றிக்கொண்டு கோட்டைக்குப்பம் போய், ஏழுமலை மாமாவிடம் கொடுத்துவிட்டு மீன் வாங்கித் திரும்பும்போதெல்லாம் பழவேற்காட்டு டச்சுக் கல்லறை வாசலில் சைக்கிளை நிறுத்துவாய். வாசல் தூணில் செதுக்கிய எலும்புக்கூட்டை அவளுக்குக் காட்டுவாய். உள்ளே படுத்திருக்கும் கற்களில் கப்பல் இருக்கிறதா என்று தடவிப் பார்ப்பாய். "கடல்ல வந்தவன் மண்ணுலயே பூட்டான். ஊடு போய் சேர்ல பாரு" என்பாய். அதே டச்சுக்காரர்களுக்கு மலாக்காவிலும் ஒரு ஊர் இருந்தது, குன்றின் மேல் அவர்கள் கல்லறைக் கற்கள் இருக்கின்றன என்று கல்லூரியில் அவளுக்கு யாரோ சொல்ல, அவள் உன்னிடம் சொன்னாள். அதிலிருந்து நீ என்னை விடவில்லை. "இங்க கீறவன் சொந்தக்காரன் அங்க கீறான். ஒருவாட்டி பாத்துட்டு வந்து ஏழுமலகிட்ட சொல்லணும். அவன் கடல்ல போறவன், நான் சேத்துல நடக்கறவன். அவன் பாக்காதத நான் பாத்தேன்னு சொல்லணும்டா."

இதை ஒரு விளையாட்டாகத்தான் நான் எடுத்துக்கொண்டேன். ஐம்பது வருடச் சிநேகிதத்தில் அவரிடம் சொல்ல உனக்கென்று ஒரு கதை வேண்டியிருந்தது என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

அரசுப் பள்ளி ஆசிரியர் வெளிநாடு போக வேண்டுமானால் துறையின் அனுமதி வேண்டும். விண்ணப்பம் கொடுத்து மூன்று மாதம் ஆகியும் கோப்பு நகரவில்லை. டிக்கெட் எடுத்தாயிற்று. நான் என்ன செய்தேன் என்பது உனக்குத் தெரியும். முதுகுத்தண்டில் வலி, ஒரு வாரம் படுக்கையில் இருக்க வேண்டும் என்று தெரிந்த மருத்துவரிடம் சான்று வாங்கி, மருத்துவ விடுப்பு எழுதிக்கொடுத்துவிட்டு விமானம் ஏறினேன். ஊரில் யாருக்கும், ஏழுமலை மாமாவுக்குக்கூட, நாம் போனது தெரியாது. அடுத்த ஆண்டுக்கான தலைமையாசிரியர் பதவி உயர்வுப் பட்டியலில் என் பெயர் இருந்தது. பக்கத்து மேசைக்காரர்கள் எல்லோரும் செய்கிற காரியம்தான் என்று என் மனைவி கோமதியிடம் சொன்னேன். அவள், "மாட்டினா அவங்களா வந்து நிப்பாங்க?" என்று மட்டும் கேட்டாள்.

மலாக்காவில் குன்றடியில் கோமதியும் செல்வியும் இளநீர்க் கடையில் உட்கார்ந்துவிட்டார்கள். மழை பெய்து விட்டிருந்தது. நீ தனியாகப் படியேறிப் போனாய். நான் உன் பின்னால் வந்திருக்க வேண்டும். அப்போது பள்ளியிலிருந்து சக ஆசிரியர் கூப்பிட்டார். "சார், திங்கக்கெழம ஆய்வு. அதிகாரி வர்றாரு. உங்க வகுப்பத்தான் பாப்பாராம். உடம்பு எப்படி கீதுன்னு ஊட்டாண்ட ஆள் அனுப்பறேன்னு எச்.எம். சொல்றாரு." நான் படிக்கட்டின் கீழே நின்று, ஆள் அனுப்ப வேண்டாம், ஞாயிற்றுக்கிழமைக்குள் எழுந்துவிடுவேன் என்று முனகுகிற குரலில் சொல்லிக்கொண்டிருந்தேன்.

மேலே நீ தெரிந்தாய். கையை வீசி, "டேய் சாரு, மேல வாடா, வந்து பாரு" என்று கத்தினாய். உன் குரல் போனில் கேட்டுவிடுமோ என்று பயந்து, இரு இரு என்று கையைக் காட்டினேன். நீ இருக்கவில்லை. என்னைக் கையைப் பிடித்து இழுத்துப் போகவே இறங்கி வந்தாய். ஈரக் கல்லில் அந்த ஷூ நிற்கவில்லை. நாலு படி. வலது பக்கம் விழுந்தாய். நான் போனை அணைத்துவிட்டுத்தான் ஓடிவந்தேன் நைனா. அணைக்க எத்தனை நொடி ஆகியிருக்கும்? அந்த நொடிகளையும் உன்னிடம் ஒப்புக்கொள்கிறேன்.

ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்தார்கள். இடுப்பு மூட்டில், தொடை எலும்பின் கழுத்தில் விரிசல், எலும்பு இன்னும் விலகவில்லை, காலை ஊன்றவே கூடாது என்றார் மருத்துவர். இரண்டு நாளில் அங்கேயே திருகாணி போட்டுவிடலாம், அப்புறம் இரண்டு வாரம் இருக்க வேண்டும். ஊருக்குத்தான் போக வேண்டும் என்றால் படுக்க வைத்துக் கொண்டுபோக விமானக் கம்பெனியிடம் ஏற்பாடு செய்ய வேண்டும், அதற்குச் சான்று, அதற்கு நாலைந்து நாள். செல்வி, "இங்கயே பண்ணிடலாம்ப்பா" என்றாள். நான் திங்கட்கிழமையை நினைத்துக்கொண்டிருந்தேன். ஊரில் நல்ல மருத்துவர் இருக்கிறார், நம் மண்ணில் பார்த்தால்தான் தாத்தாவுக்கு மனசு நிற்கும் என்றேன். அந்தப் பழியையும் உன் தலையில்தான் வைத்தேன்.

ஒன்று சொல்ல வேண்டும். ஆய்வுக்கு அதிகாரி வரும் நாளுக்கு எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. முதல் நாளே பிள்ளைகளிடம் சொல்லிவைப்போம்: கேள்வி கேட்டால் எல்லோரும் கையைத் தூக்க வேண்டும். பதில் தெரிந்தவன் வலது கை, தெரியாதவன் இடது கை. அதிகாரிக்கு வகுப்பு முழுவதும் கையாகத் தெரியும். எனக்கு யாரை எழுப்ப வேண்டும் என்று தெரியும். முப்பது வருடம் ஒரு அதிகாரியும் கண்டுபிடித்ததில்லை. இதை நான் வீட்டில் பெருமையாகச் சொன்னபோது நீ சிரிக்கவில்லை. "தெரியாத புள்ளைக்கு எப்பதான் சொல்லித் தருவ?" என்றாய்.

அந்த வித்தையைத்தான் ஓட்டல் அறையில் உன்னிடம் காட்டினேன். நீ கட்டிலில் சாய்ந்து, "மேல இன்னா கீது தெரியுமாடா, அங்க…" என்று ஆரம்பித்தாய். "அத்த அப்பறம் பேசலாம் நைனா, மொதல்ல இத்த கேளு" என்றேன். விமானக் கம்பெனிக்காரர்கள் விழுந்தீர்களா என்று கேட்டால் இல்லை என்று சொல். நொண்டுகிறீர்களே என்றால் பழைய மூட்டுவலி என்று சொல். கட்டிலிலிருந்து கதவு வரை நடந்து காட்டு. நடந்தாய். மறுபடி என்றேன். மறுபடியும் நடந்தாய். கணுக்காலும் வீங்கி இருந்ததால் ஷூ ஏறவில்லை. பின்பக்கத்தை மடித்து நான்தான் உன் காலை அதில் திணித்தேன். செல்வி அழுதுகொண்டே, "தாத்தா, வலிக்குதுன்னு சொல்லு" என்றாள். நீ அவளைப் பார்த்து, "எனக்கு வலிச்சா ஒங்கப்பன் வேல பூடும்மா" என்றாய். உனக்குத் தெரியாது என்றல்லவா நான் நினைத்திருந்தேன்.

விமான நிலையத்தில் கவுன்டரில் இருந்த பெண் தமிழ்ப் பெண். "ஐயாவுக்கு கால்ல அடியா?" என்றாள்.

"மூட்டுவலிம்மா. பழசு" என்றாய். சொல்லிக்கொடுத்த சொல் மாறவில்லை.

"வீல்சேர் சொல்லவா?"

அது நான் சொல்லித்தராத கேள்வி. பாடத்தில் இல்லாததைக் கேட்டால் பிள்ளை வாத்தியாரைப் பார்க்குமே, அப்படி என்னைப் பார்த்தாய். நாற்காலி என்றால் என்ன அடி, எங்கே சான்று என்று நூல் பிடித்துப் போவார்கள் என்று பயந்து, வேண்டாம் என்று தலையை அசைத்தேன். "வாணாம்மா. நடக்கறதுக்குத்தான காலு" என்று அவளிடம் சிரித்துவிட்டு, அந்த நீளமான தரையில் நடந்தாய். கோமதி உன் ஒரு பக்கம் வந்தாள். என் தோளில் உன் கை இருந்தது. உன் விரல்கள் என் தோளில் எப்படி அழுந்தின என்பது எனக்கு மட்டும் தெரியும்.

இல்லாத என் வலிக்குச் சான்று இருந்தது நைனா. இருந்த உன் வலிக்கு இல்லை.

சென்னையில் இறங்கும்போது உன்னால் இருக்கையை விட்டு எழ முடியவில்லை. வலது கால் குட்டையாகி, வெளிப்பக்கம் திரும்பிக் கிடந்தது. அப்போதுதான் முதல் தடவையாக, "முடிலடா" என்றாய். ஆஸ்பத்திரியில், எப்போது விழுந்தார் என்று கேட்டார்கள். "காலையில, காட்டூர்ல, வயல் வரப்புல" என்றேன். விழுந்த பிறகு நடந்தாரா என்று கேட்டார்கள். இல்லை என்றேன். மருத்துவர் படத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். செல்வி எழுந்து வெளியே போனாள்.

விரிசல் விட்ட எலும்பு நடந்ததில் விலகிவிட்டது. திருகாணியோடு போயிருக்க வேண்டியது, மூட்டையே மாற்ற வேண்டியதாயிற்று. திங்கட்கிழமை காலை உன்னை உள்ளே கொண்டுபோனபோது கோமதிதான் கையெழுத்துப் போட்டாள். நான் வகுப்பில் இருந்தேன். அதிகாரி கேள்வி கேட்டார். எல்லாக் கைகளும் எழுந்தன. மிகச் சிறப்பு என்று எழுதிவிட்டுப் போனார். அடுத்த ஆண்டு தலைமையாசிரியர் ஆனேன்.

நீ அதற்குப் பிறகு நடக்கவில்லை. எட்டு மாதம் படுக்கை, கடைசியில் நெஞ்சில் சளி. அதைக்கூட ஏதோ ஒரு விதமாகத் தாங்கிக்கொண்டேன். நான் தாங்காதது ஏழுமலை மாமா உன்னைப் பார்க்க வந்த நாள். கட்டில் ஓரமாகக் குந்திக்கொண்டு சொன்னார்:

"இன்னா பெருசு, அறுவது வருசமா நடக்கற வரப்பு, ஒன்னத் தள்ளிட்ச்சா? நான் நடுக்கடல்ல நிக்கறேன், நீ நாத்தாங்காலாண்ட விழுந்து கெடக்கற. வெளிய சொல்லாத, சிரிப்பானுங்க."

நீ என்னைப் பார்த்தாய். நான் தண்ணீர்ச் சொம்பை எடுக்கிற மாதிரி திரும்பிக்கொண்டேன்.

"ஆமாம்பா. வயசாய்ட்ச்சி, கண்ணு தெரில" என்றாய்.

அவரிடம் சொல்லத்தானே போனாய். அந்த எட்டு மாதத்தில் அவர் எத்தனை முறை வந்தார், எத்தனை முறை வரப்பைச் சொல்லிக் கேலி செய்தார். ஒருமுறையும் உன் வாயிலிருந்து மலாக்கா என்ற சொல் வரவில்லை. நான் ஓய்வு பெறும் வரைக்கும் என்று நினைத்தாயா? அவ்வளவு நாள் உனக்கு இல்லை.

ஓய்வு பெற்று இரண்டு வருடம் ஆகிறது. இப்போது யாரும் என்னை ஒன்றும் செய்ய முடியாது. இதற்கு முன்னாலேயே மாமாவிடம் போயிருக்கலாம். கரையான் வந்துதான் என்னை எழுப்ப வேண்டியிருந்தது. நேற்று அந்த ஷூக்களை ஒரு பையில் போட்டுக்கொண்டு கோட்டைக்குப்பம் போனேன். மாமாவுக்கு இப்போது கடலுக்குப் போக முடிவதில்லை. வாசலில் பாய் போட்டுப் பேரனுடைய வலையில் கிழிசல் பார்த்துக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் சொன்னேன். விடுப்பு, குன்று, ஓட்டல் அறை, கவுன்டர், வரப்பு. ஒன்றையும் குறைக்கவில்லை.

அவர் வலையைக் கீழே வைக்கவில்லை. திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் கொஞ்சம் இறங்கியிருக்கும். ஒரு கிழிசலை முடிச்சுப் போட்டு முடித்துவிட்டு, "அப்ப அவன் வரப்புல உழுல" என்றார். "நான் இன்னா இன்னாவோ பேசிட்டன். கேட்டுக்கினு கெடந்தான் பாரு." வலது ஷூவை எடுத்து மடிந்த இடத்தில் கட்டைவிரலை வைத்துப் பார்த்தார். பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"மேல ஏறிப் போனானே. அங்க இன்னாடா பாத்தான்?"

கடல் தெரிந்ததா? கல்லில் கப்பல் இருந்ததா? இங்கே உள்ளது போல அங்கேயும் எலும்புக்கூடு இருந்ததா? எதற்காக அப்படிக் கையை வீசிக் கூப்பிட்டாய்? ஓட்டல் அறையில் நீ ஆரம்பித்ததை நான் நிறுத்தினேன். அப்புறம் பேசலாம் என்றேன். அந்த அப்புறத்தில் ஒருநாளும் கேட்கவில்லை. கேட்டால் நடந்ததெல்லாம் பேச்சில் வந்துவிடும் என்று, உன் கட்டிலருகே எட்டு மாதம் வேறு எதையெல்லாமோ பேசிக்கொண்டிருந்தேன்.

மாமா பதிலுக்காக என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். என் இடது கை மடியை விட்டுக் கொஞ்சம் எழுந்ததை நானே அப்புறம்தான் கவனித்தேன்.