ஸ்டாக்கில் மாட்டிய பை

ஜூலை 7, திங்கள்
கணினி சார் எட்டாம் வகுப்பை என்னிடம் ஒப்படைத்துவிட்டார்! தினமும் மாலை கணினி கிளப்பில் டேட்டா ஸ்ட்ரக்சர், அதாவது தகவலை அடுக்கி வைக்கும் முறைகள், நடத்த வேண்டும். "வெள்ளிக்கிழமை நான் கேள்வி கேப்பேன். முழிச்சாங்கன்னா கிளப்பை மூடிட்டு டைப்பிங் வெச்சுடலாம்" என்றார். பத்தாம் வகுப்புக்காரி என்றால் அவ்வளவு இளப்பமா? வரையறைகளை எல்லாம் மனப்பாடம் செய்துவிட்டேன்.

ஜூலை 8
"ஸ்டாக் என்பது கடைசியில் நுழைந்தது முதலில் வெளியேறும் அமைப்பு." எல்லோரும் அழகாக ஒப்பித்தார்கள். வாலு என்று பேரெடுத்த ஒருத்தி மட்டும் கை தூக்கினாள். "அதெல்லாம் எதுக்குக்கா?"
புத்தகத்தைப் புரட்டினேன். அதற்குப் பதில் இல்லை. (இருக்கும். அவசரத்துக்குக் கண்ணில் படவில்லை.)

ஜூலை 9
இன்றைய வகுப்பும் செவிடன் காதில் ஊதிய சங்கு. சங்கே ஓட்டையோ என்று சந்தேகம்.
போதாததற்கு பஸ்ஸும் போய்விட்டது. ஆய்வகத்துக்குள் பை கூடாது என்பது சாரின் சட்டம். வாசல் அலமாரி நல்ல ஆழம், அகலமோ ஒரே பைக்குத்தான். முதலில் வருபவரின் பை சுவரோரம் போய்விடும். முதலில் வருவது யார்? அம்மையார் நானேதான். மற்றவர்கள் எடுத்து முடிக்கும்வரை தவம். வாலு சிரித்தாள்: "சீக்கிரம் வந்தா தண்டனையாக்கா?"
அடி லூசே! (என்னைத்தான்.) தினமும் ஸ்டாக்குக்குள் பையை வைத்துவிட்டா ஸ்டாக் நடத்துகிறேன்?

ஜூலை 10
புத்தகத்தைத் திறக்கவில்லை. "எனக்கு பஸ் வேணும். அலமாரியை மாத்துங்க" என்றேன். ஒரே அமளி.
"பின்னாடியும் கதவு வெச்சா முதல்ல வெச்ச பை முதல்ல வந்துடும்!" அதுதான் க்யூ.
"சுவத்துல நம்பர் போட்டு ஆளுக்கொரு ஆணி. நேராப் போய் எடுத்துக்கலாம்," என்றாள் வாலு. அட, அதுதான் அரே (array)!
"புதுசா ஆள் சேர்ந்தா உன் தலையிலயா மாட்டறது?" என்று ஒருத்தி மடக்கினாள். சண்டை ஓயவே இல்லை. என்ன ஆனந்தம்!

ஜூலை 11, வெள்ளி
"ஸ்டாக்னா என்ன?" என்றார் சார். எல்லோரும் வாலுவைத் திரும்பிப் பார்த்தார்கள். போச்சு, கிளப் போச்சு.
வாலு எழுந்தாள். "சார், உங்க பையை அலமாரியில வைங்க." வைத்தார்! பின்னாலேயே எல்லாப் பைகளும் உள்ளே போயின. "இப்ப எடுங்க சார்."
சார் எட்டிப் பார்த்தார். "வண்டிச் சாவி அதுலதான்மா இருக்கு..."
"அதான் சார் ஸ்டாக்."
மணி அடித்ததும் ஆளாளுக்கு நிதானமாக, வேண்டுமென்றே நிதானமாக, எடுத்தார்கள். சார் கடைசியாகத் தன் பையை எடுத்துக்கொண்டு விறுவிறுவென்று போய்விட்டார். கோபமா? ஐயோ, தடுக்காம ஏன்டி சும்மா நின்னே? (இதுவும் என்னைத்தான்.)

ஜூலை 14, திங்கள்
அலமாரியைக் காணோம். சுவரில் வரிசையாகப் புது ஆணிகள், நம்பரோடு. முதல் ஆணியில் சாரின் பை. இரண்டாவதில் கிளப் சாவி, அதன் கீழே சாரின் கோழிக் கிறுக்கலில்: 'எட்டாம் வகுப்பு டீச்சர்.'
பஸ் கிடைத்தது.