இரட்டைக் கட்டிலில் ஒரு பள்ளம்

பிப்ரவரி 9, திங்கள்

நாளை மறுநாள் மகள் வீட்டுக்குக் கிளம்புகிறோம், காரில். ரயிலில் ஏறிப் படுத்தால் விடியும்போது அவளுடைய கடற்கரை ஊர் வந்துவிடும். ஆனால் இவர் காரில்தான் போக வேண்டும் என்று ஒற்றைக்காலில் நிற்கிறார். "வழியெல்லாம் பாத்துக்கிட்டே போலாம்" என்கிறார். வழியைப் பார்க்கும் ஆசை இவருக்கு எப்போது வந்தது? வேலையில் இருந்த காலமெல்லாம் லிஃப்ட் ரிப்பேர் செய்தவர். மேலே போவதும் கீழே வருவதும்தான் இவருக்குத் தெரிந்த பயணம்.

என்னமோ இருக்கிறது.

பிப்ரவரி 10, செவ்வாய்

காரை இரண்டு தடவை கழுவினார். போன் வந்ததும் பால்கனிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். கேட்டால், கொசு உள்ளே வருமாம். கொசுவுக்குப் பயந்து பால்கனிக்குப் போகிற ஆளை இப்போதுதான் பார்க்கிறேன்.

பிப்ரவரி 11, புதன்

காலையில் கிளம்பினோம். சும்மா சொல்லக்கூடாது, நன்றாகத்தான் ஓட்டுகிறார். ஆனால் பெட்ரோல் பங்க் கண்ணில் பட்டால் நிறுத்துகிறார், டீக்கடை பட்டால் நிறுத்துகிறார். வழக்கமாக எனக்கு அவசரம் என்றால்கூடப் பல்லைக் கடித்துக்கொண்டு இரு என்று சொல்கிறவர். இன்று அவரே, "காலை நீட்டிக்கோ, ஒண்ணும் அவசரமில்ல" என்கிறார்.

நிறுத்துகிற இடத்திலெல்லாம் தள்ளிப் போய் போனில் பேசுகிறார். யார் என்றேன். ராங் நம்பராம். ராங் நம்பரோடு யார் இப்படித் தலையை ஆட்டி ஆட்டிப் பேசுவார்கள்?

ஒரு கணம் எவளாவது இருக்கிறாளோ என்றுகூடத் தோன்றியது. எழுதும்போதே சிரிப்பு வருகிறது. முட்டிவலித் தைலம் மணக்கிற இந்த மனுஷனை எவள் சீந்துவாள்?

அப்படியானால் உடம்பா? போன மாதம் டாக்டரிடம் போய்விட்டு வந்தவர் வாயைத் திறக்கவில்லை. இன்று தங்கின லாட்ஜில் இவர் குளிக்கும்போது பையைத் துழாவினேன். எப்போதும் போடுகிற பிரஷர் மாத்திரைதான். புதிதாக ஒன்றும் இல்லை. கொஞ்சம் நிம்மதி. கொஞ்சம்தான்.

பிப்ரவரி 12, வியாழன்

இன்றைக்கு நடந்தது சாதாரணமில்லை.

மதியச் சாப்பாடு முடிந்தபோதே மகள் ஊர்ப் பலகைகள் வர ஆரம்பித்துவிட்டன. இருட்டுவதற்கு முன்னால் போய்ச் சேர்ந்திருக்கலாம். இவர் காரை இன்னொரு லாட்ஜ் முன்னால் கொண்டுபோய் நிறுத்திவிட்டார். "கண்ணு கூசுது. காலைல போலாம்" என்றார். வானம் மூட்டமாக இருந்தது. வெயிலே இல்லை.

லாட்ஜ் ரூமைப் பற்றி எழுதி ஆகவேண்டும், இல்லாவிட்டால் தூக்கம் வராது. விரிப்பின் மூலைகள் மடிக்கப்படவில்லை. கட்டிலுக்கு அடியில் யாரோ விட்டுப்போன காலுறை. ஹோட்டலில் ரூம் சுத்தம் செய்ய என்னிடம் வேலை பார்த்த பெண்கள் இப்படி விட்டிருந்தால் அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பியிருப்பேன். அங்கே என் முதுகுக்குப் பின்னால் என்னைப் 'பூதக்கண்ணாடி' என்பார்கள். எனக்குத் தெரியும். எனக்கு அந்தப் பெயர் பிடித்தும் இருந்தது.

மாலையில் இவர் காரில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார். கண்ணாடி இறக்கி இருந்தது. தண்ணீர் பாட்டில் எடுக்கப் போகிறவள் மாதிரிப் போனேன். "அம்மாகிட்ட ஒண்ணும் சொல்லல. நீ கவலப்படாத. நாளைக்கு வந்துடுவாருல்ல?" என்றார்.

ஆக, மறுமுனையில் மகள். நாளைக்கு யாரோ வர வேண்டும். எனக்கு ஒன்றும் தெரியக்கூடாது.

யார் வருவது? வக்கீலா? வீட்டை விற்கப் போகிறார்களா? என்னை அங்கேயே விட்டுவிட்டு வரத் திட்டமா? எதுவாக இருந்தாலும் என்னிடம் சொன்னால் என்ன? நான் என்ன வேத்தாளா?

பிப்ரவரி 13, வெள்ளி

வந்து சேர்ந்தோம். நான்காவது மாடி. இரண்டு கட்டிடங்களுக்கு நடுவே ஒரு கீற்றுக் கடல் தெரிகிறது. ஜன்னல் கம்பியெல்லாம் உப்புக் காற்றில் துருப்பிடித்து உரிகிறது. மாப்பிள்ளை கீழேயே வந்து பைகளை வாங்கிக்கொண்டார். "வாங்க அத்தை, வாங்க மாமா." முகம் நிறையச் சிரிப்பு. இளைத்திருக்கிறார். மகளும்தான்.

வக்கீல் யாரும் வரவில்லை. வீட்டுப் பேச்சே எழவில்லை. வீட்டில் நாங்கள் நான்கு பேர்தான்.

டீ போடுகிறேன் என்று மாப்பிள்ளை சமையலறைக்குப் போனார். ஒரு அலமாரியைத் திறந்தார், மூடினார். அடுத்ததைத் திறந்தார். மகள் ஹாலில் இருந்தபடியே, "சர்க்கரை கீழ் தட்டுல இருக்குங்க" என்றாள்.

இருக்குங்க! அவரை 'டா' போட்டுப் பேசுகிறவள் இவள். எத்தனையோ தடவை நானே கண்டித்திருக்கிறேன். இப்போது மரியாதை வழிகிறது. சாப்பிடும்போது அவர் தண்ணீர் ஊற்றியதற்கு 'தேங்க்ஸ்' வேறு சொன்னாள். கட்டின புருஷனுக்கு.

சண்டை போட்டிருந்தால்கூட எனக்கு இவ்வளவு உறுத்தியிருக்காது.

பிப்ரவரி 14, சனி

கண்டுபிடித்துவிட்டேன்.

கடல் காற்று வரும் என்று பெரிய ரூமை எங்களுக்குக் கொடுத்துவிட்டு அவர்கள் சின்ன ரூமில் படுக்கிறார்கள். காலையில் விரிப்பை உதறப் போனவள் மெத்தையைப் பார்த்தேன். இரட்டைக் கட்டில். ஜன்னல் பக்கம் ஒருவர் படுத்துப் படுத்து விழுந்த பள்ளம். மறுபக்கம் பலகை மாதிரி நிற்கிறது. கையை வைத்து அழுத்தினேன். பல மாதங்களாக அந்தப் பக்கம் யாரும் படுக்கவில்லை. ஒருவர் என்று பெயர் கொடுத்துவிட்டு இரண்டு பேர் தங்கினவர்களை எல்லாம் மெத்தையை வைத்தே பிடித்தவள் நான். இந்தக் கை தப்பாகச் சொல்லாது.

பிறகு குளியலறை. மாப்பிள்ளையின் துண்டு ஒரு தடவைகூடத் துவைத்தது இல்லை, பஞ்சு உதிர்கிறது. பல் துலக்கும் பிரஷ் நேற்று வாங்கியது. செருப்பு அடுக்கும் இடத்தில் அவருடையது ஒரே ஜோடி.

அவர் இந்த வீட்டில் இல்லை. எங்களுக்காக வந்து நடிக்கிறார். நேற்று 'வர வேண்டியவர்' இவர்தான்.

அப்படியானால் எவளோ இருக்கிறாள். வேறென்ன? என் பெண் வெட்கப்பட்டு மூடி மறைக்கிறாள். அவனுக்குச் சர்க்கரை இருக்கிற இடத்தை வேறு சொல்லிக் கொடுக்கிறாள்.

பிப்ரவரி 15, ஞாயிறு

மதியம் சாப்பிட உட்கார்ந்தோம். பெரிய கரண்டி ஒன்று எடுத்துக்கிட்டு வாங்க மாப்பிள்ளை என்றேன், வேண்டுமென்றேதான். எழுந்து போனார். இழுப்பறைகள் திறந்து மூடுகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. மகள் எழுந்தாள். நீ உட்கார் என்றேன். உட்கார்ந்தாள். தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவர் வெறுங்கையோடு திரும்பி வந்தார். "பாவம், அவருக்கு வீடே மறந்துபோச்சு போல" என்றேன்.

இவர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே. தப்புச் செய்தவள் நானா?

பிப்ரவரி 16, திங்கள்

காலையில் மாப்பிள்ளை நடந்துவிட்டு வருகிறேன் என்று கிளம்பினார். கொஞ்சம் விட்டு நானும் இறங்கினேன். ஆமாம், பின்தொடர்ந்துதான் போனேன். எவளைப் பார்க்கப் போகிறார் என்று தெரிந்தாக வேண்டும். மணலில் செருப்பு புதைகிறது. கையில் எடுத்துக்கொண்டு நடந்தேன்.

யாரையும் பார்க்கவில்லை. படகுகளுக்குப் பக்கத்தில் சிமெண்ட் பெஞ்சில் போய் உட்கார்ந்து கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு திரும்பாமலே, "உக்காருங்க அத்தை. முட்டி வலிக்கப் போகுது" என்றார்.

மானம் போயிற்று. உட்கார்ந்தேன். வந்தது வந்தாயிற்று, சுற்றி வளைக்கவில்லை.

"எங்க குடியிருக்கீங்க?"

"ரயில்வே லைனுக்கு அந்தப் பக்கம். ஒரு ரூம் எடுத்திருக்கேன்."

"கூட யாரு?"

"ஒரு பூனைகூட இல்ல அத்தை."

பொய் சொல்கிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். கேட்பதற்கு முன்னாலேயே பதில் வரும். இவர் யோசித்துச் சொன்னார். கண் கலங்கி இருந்தது. அப்புறம் ஏன் என்று கேட்டேன். "அதை அவதான் சொல்லணும். நான் சொல்ல மாட்டேன்னு அவளுக்கு வாக்குக் குடுத்திருக்கேன்" என்றார். பிறகு மெதுவாக, "மாமாவுக்குத் தெரியும்" என்றார்.

மாமாவுக்குத் தெரியும்.

திரும்பி வந்ததும் இவரை ரூமுக்குள் தள்ளிக் கதவைச் சாத்தினேன். "எப்பலேர்ந்து தெரியும்?"

"மழைக்காலத்துலேர்ந்து. அவ போன் பண்ணி அழுதா."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"சொல்லாதீங்கன்னு கேட்டுக்கிட்டா. நாம வரோம்னதும் பயந்துட்டா. அவருக்கு வெள்ளிக்கிழமைதான் லீவு கிடைச்சுது. அதான் மெதுவா வந்தேன்."

"பெத்த தாய்க்குத் தெரியக் கூடாதா?"

இவர் கட்டிலில் உட்கார்ந்தார். கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன். சாதாரணமாகத்தான் சொன்னார். "நீ காரணம் கேப்ப. அவங்களுக்குள்ள பெருசா காரணம் ஒண்ணும் இல்ல. ஒத்து வரல, அவ்வளவுதான். நீ அதை நம்ப மாட்ட. ஒண்ணு கிடைக்கிற வரைக்கும் தோண்டுவ. அதைத் தாங்கற தெம்பு இப்ப தனக்கு இல்லைன்னு சொன்னா."

நான் தோண்டுவேனாம். ஊர்ல எவனோ ஒருத்தன்கிட்டச் சொல்லலாம், அப்பன்கிட்டச் சொல்லலாம், என்கிட்ட மட்டும் சொல்லக் கூடாது. ராத்திரி பகலா இவளைத் தூக்கி வளர்த்தது யாரு? ஜுரம்னா முழிச்சுக் கிடந்தது யாரு? — வேண்டாம்.

பெட்டியில் துணியை எல்லாம் எடுத்து வைத்தேன். நாளைக்கே போய்விடலாம் என்றேன். "போனா, அவ இனிமே உன்கிட்ட எப்பவுமே சொல்ல மாட்டா" என்றார்.

துணி இன்னும் பெட்டியில்தான் இருக்கிறது.

பிப்ரவரி 17, செவ்வாய்

யாரிடமும் பேசவில்லை. தலைவலி என்று சொன்னேன்.

பிப்ரவரி 18, புதன்

காலையில் மகளோடு மொட்டை மாடிக்குத் துணி காயப்போடப் போனேன். காற்றுக்கு விரிப்பு எங்கள் முகத்திலேயே வந்து அடித்தது. நான் ஒரு முனை, அவள் ஒரு முனை. அவள் தோளைத் தூக்கிக்கொண்டு நின்ற விதத்திலேயே தெரிந்தது, நான் கேட்கப் போகிறேன் என்று காத்திருக்கிறாள். கேள்வி என் நாக்கு நுனியில்தான் இருந்தது. ஒன்றல்ல, பத்து. யார் முதலில் சொன்னது? என்றைக்கு? அவர் என்ன செய்தார், நீ என்ன செய்தாய்? யாராவது ஒருவர் ஏதாவது செய்யாமல் ஒரு குடும்பம் எப்படிப் பிரியும்? எனக்கு இன்னும் புரியவில்லை. இன்னும் முழுதாக நம்பவும் இல்லை. இங்கே பொய் எழுதி என்ன ஆகப்போகிறது.

கிளிப்பை மாட்டிவிட்டுச் சொன்னேன்: "அவரைத் தரையில படுக்க வைக்காத. முதுகு பிடிச்சுக்கிட்டு நடக்கறாரு. இன்னிக்கு அவர் ரூமுக்கே போய்த் தூங்கட்டும்."

அவள் கையில் ஈரத் தலையணை உறை. அப்படியே நின்றாள்.

"எப்பம்மா தெரிஞ்சுது?"

"வந்த மறுநாளே."

"அப்புறம் ஏன் கேக்கல?"

"கேக்கட்டுமா?"

"வேணாம்."

"சரி."

அவ்வளவுதான் பேசினோம். மீதித் துணியையும் காயப்போட்டோம். வாழ்க்கையில் இவ்வளவு கஷ்டமான ஒரு 'சரி'யை நான் சொன்னதில்லை.

மாலையில் மாப்பிள்ளை தன் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினார். இவர் கீழே வரைக்கும் போய் வழியனுப்பினார்.

பிப்ரவரி 19, வியாழன்

கேட்கவில்லை.

பிப்ரவரி 20, வெள்ளி

கேட்கவில்லை. இவர் என்னை வினோதமாகப் பார்க்கிறார். உடம்புக்கு ஏதாவது செய்கிறதா என்று கேட்டார்.

பிப்ரவரி 21, சனி

மதியம் இவர் தூங்கிக்கொண்டிருந்தார். நான் சமையலறைத் தரையில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். மகள் வந்து எதிரே உட்கார்ந்தாள். அவளும் ஒரு வெங்காயத்தை எடுத்துக்கொண்டாள். கொஞ்ச நேரம் உரித்தாள். பிறகு அவளாகவே பேச ஆரம்பித்தாள். வெங்காயம் எல்லாம் தீர்ந்த பிறகும் பேசினாள்.

அவள் சொன்னதை இங்கே எழுதப் போவதில்லை. இது நான் எங்கேயாவது வைத்துவிட்டு மறந்துபோகிற நோட்டு. நடுவில் இரண்டு இடத்தில் எனக்குச் சந்தேகம் வந்தது. வாயைத் திறக்கவில்லை. அழுதாள். நானும் அழுதேன். வெங்காயத்தின் மேல் பழியைப் போட்டுவிட்டோம்.

பிப்ரவரி 22, ஞாயிறு

நாளைக் காலை கிளம்புகிறோம். வழியில் எங்கேயும் நிறுத்தாமல் ஓட்டுவதாக இவர் சொல்லியிருக்கிறார்.

சாயங்காலம் காலிங் பெல் அடித்தது. எங்களைப் பார்த்துவிட்டுப் போக வந்திருந்தார். வாசலிலேயே நின்றார். "ஏன் நிக்கற, உள்ள வாடா" என்றாள் மகள். வந்து, விருந்தாளிகள் உட்காருகிற நாற்காலியில் உட்கார்ந்தார். இவரும் அவரும் டயரில் எவ்வளவு காற்று இருக்க வேண்டும் என்று பேசினார்கள். மகள் ஏதோ சொல்ல அவர் சிரித்தார். நடிப்பில்லாத சிரிப்பு.

நான் டீ எடுத்துக்கொண்டு வந்தேன். எல்லோருக்கும் கொடுத்தேன். அவர் டம்ளர் காலியானது. இன்னும் கொஞ்சம் வேண்டுமா என்று கேட்க வேண்டும், ஆனால் இனிமேல் அவரை என்ன சொல்லிக் கூப்பிடுவது என்று எனக்குத் தெரியவில்லை. பாத்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். வேறு வார்த்தை வரவில்லை.

"இன்னும் கொஞ்சம் ஊத்தட்டுமா மாப்பிள்ளை?" என்றேன்.

டம்ளரை நீட்டினார். மகள் என்னைப் பார்த்தாள். யாரும் திருத்தவில்லை.